மந்திரி வயித்துல படகு ஓட்டலாம்! - ‘பெரிய மனசு’ பற்றி சீனர்கள் சொல்லும் ஒரு பழமொழியின் கதை

முதல் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். எடிட்டர் என் கட்டுரையை நாலாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். கடுப்பில் ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டினேன். ‘இந்த மனுஷனுக்கு கமா எங்க வைக்கணும்னு தெரியும். மேட்டர் எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது!’

அனுப்பிய பிறகுதான் மேலே பெயரைப் பார்த்தேன். போனது ஃப்ரெண்டுக்கு இல்லை, ஆபீஸ் குரூப்புக்கு.

பதற்றத்தில் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்துவதற்குப் பதிலாக ‘டெலீட் ஃபார் மீ’யை அழுத்தித் தொலைத்தேன். என் போனில் இருந்து மட்டும் மெசேஜ் காணாமல் போனது. மற்ற எல்லார் போனிலும் பத்திரமாக இருந்தது. எடிட்டர் போன் உட்பட.

அடுத்த நிமிடமே அவரிடமிருந்து ரிப்ளை. ‘நாலு மணிக்குள்ள காப்பி வேணும். மேட்டர் முதல் பாராவுலயே வரட்டும்.’

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து என்னை வேலையில் நிரந்தரமாக்கியபோது, பரிந்துரை செய்ததே அவர்தான் என்று ஹெச்.ஆரில் சொன்னார்கள். ‘இந்த மனுஷனால எப்படி முடிஞ்சுது?’ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

போன மாதம் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு சீன சரித்திர சீரியலை சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு செய்த ஒரு சின்ன அதிகாரி, பெரிய அதிகாரியின் காலில் விழுந்து ஏதோ சொல்கிறார். கீழே சப்டைட்டில் ஓடுகிறது: ‘மந்திரியின் வயிற்றில் படகே ஓட்டலாமே!’

வயித்துல படகா? ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். அதேதான். அன்றைக்குத் தூக்கம் போனது. தேடத் தேட, அந்த எடிட்டர் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார்.

பழமொழி என்ன சொல்கிறது?

சீன மொழியில் அது இப்படி ஒலிக்கும்: ‘ஸாய்ஷியாங் தூ லி நெங் செங் சுவான்’. ‘ஸாய்ஷியாங்’ என்றால் பேரரசருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் தலைமை மந்திரி. ‘தூ லி’ என்றால் வயிற்றுக்குள். ‘நெங்’ என்றால் முடியும். ‘சுவான்’ என்றால் படகு. நடுவில் வரும் ‘செங்’தான் சுவாரஸ்யமான வார்த்தை. நீளமான கழியைத் தண்ணீருக்கு அடியில் ஊன்றி, படகைத் தள்ளிக்கொண்டு போவது என்று அதற்கு அர்த்தம்.

கவனியுங்கள், ‘மந்திரி வயிற்றில் படகு நுழையும்’ என்று பழமொழி சொல்லவில்லை. படகை நிறுத்தி வைக்க, படகு அளவு இடம் போதும். ஓட்ட வேண்டும் என்றால் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எல்லாப் பக்கமும் இடம் வேண்டும். கழியை ஊன்றுகிற ஆழமும் வேண்டும். ஒருத்தர் செய்த தப்பை உள்ளே வாங்கிக்கொண்டு, அதன் பிறகும் தாராளமாக நடமாட இடம் மிச்சம் இருக்கிற மனசு. இதுதான் அந்தப் படத்தின் அர்த்தம்.

இதற்கு ஒரு ஜோடி வரியும் உண்டு. ‘தளபதி நெற்றியில் குதிரை ஓடலாம், மந்திரி வயிற்றில் படகு ஓட்டலாம்’ என்று சேர்த்தே சொல்வார்கள். ஆனால், புழக்கத்தில் அதிகம் நிலைத்தது படகுதான்.

சீன மரபுத்தொடர்களில் பெரும்பாலானவை நாலே எழுத்தில் முடிந்துவிடும். பழைய இலக்கியங்களில் இருந்து வந்த, படித்தவர்கள் பாணி அது. படகுப் பழமொழி அந்த ரகம் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஜனங்களின் வாயில் புழங்கிய சொலவடை. அந்த நக்கல் தொனிக்கும் அதுதான் காரணம்.

மனசுக்கு ஏன் வயிறு?

நாம் ‘பெரிய மனசு’ என்கிறோம். சீனர்கள் ஏன் வயிற்றுக்குப் போனார்கள்?

சீன மொழியில் கோபத்தின் முகவரியே வயிறுதான். ‘கோபப்படுவது’ என்பதற்கு அன்றாடச் சொல் ‘ஷெங் சி’. நேரடி அர்த்தம், ‘காற்றை உண்டாக்குவது’. உள்ளே ஆவி மாதிரி கோபம் பொங்குகிறது என்று கற்பனை. ரொம்பக் கடுப்பில் இருக்கிறவரைப் பற்றி ‘வயிறு நிறைய காற்று’ என்பார்கள். அப்போது, வயிறு சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? சட்டென்று நிரம்பி வெடிக்கும். பெரிதாக இருந்தால் எவ்வளவு வந்தாலும் உள்ளே பரவிக் கரைந்துவிடும். நமக்கும் இது புதுசு இல்லை. அடுத்தவன் நல்லா இருந்தால் நமக்கும் எரிவது வயிறுதானே!

இன்னொரு விஷயம், சத்தம். சீன மொழியில் ‘வயிறு’ என்ற சொல்லும் ‘அளவு’ என்ற சொல்லும் எழுத்தில் வேறு வேறு. உச்சரிப்பு மட்டும் ஒன்றே, ‘தூ’. பெருந்தன்மையைக் குறிக்கும் ‘தூலியாங்’ என்ற சொல்லை ‘அளவு’க்கான எழுத்தைப் போட்டும் எழுதலாம், ‘வயிறு’க்கான எழுத்தைப் போட்டும் எழுதலாம். காதால் கேட்டால் வித்தியாசமே தெரியாது. ‘இந்த ஆளோட கொள்ளளவு எவ்வளவு?’ என்ற கேள்வியும் ‘இந்த ஆளோட வயிறு எவ்வளவு பெருசு?’ என்ற கேள்வியும் அங்கே ஒன்றுதான்.

‘சகிப்புத்தன்மை’ என்பதற்கான சொல்லைப் பிரித்தாலும் இதேதான் வரும். ‘குவான்ரோங்’. ‘குவான்’ என்றால் அகலம், ‘ரோங்’ என்றால் உள்ளே கொள்வது. அகலமாக உள்ளே வாங்கிக்கொள்வதுதான் மன்னிப்பு. இதற்கு நேர் எதிரான ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: ‘சின்ன வயிறு, கோழிக்குடல்’. எதற்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற, பத்து வருஷக் கணக்கை நோட்டு போட்டு வைத்திருக்கிற ஆளுக்குத்தான் இந்தப் பட்டம். உங்கள் குரூப்பில் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் கம்பெனி பொறுப்பல்ல!

நம்ம ஊர் கடை கல்லாக்களிலும், வீட்டு ஷோகேஸ்களிலும் உட்கார்ந்திருக்கும் ‘லாஃபிங் புத்தா’வைப் பார்த்திருப்பீர்கள். தொப்பையைத் தடவினால் பணம் வரும் என்று நாம் தடவிக்கொண்டிருக்கிறோம். சீனாவில் அவர் ‘புதாய்’ என்ற பௌத்தத் துறவியின் உருவம். மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று வணங்குகிறார்கள். அந்தத் தொப்பைக்கு அங்கே சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. உலகத்தில் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாததையெல்லாம் பொறுத்துக்கொண்டு, உள்ளே வைத்திருக்கும் வயிறு அது. இனிமேல் தடவும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்னது யார்?

பழமொழியின் பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை. ஆனால், ஒரு நாட்டுப்புறக் கதை பிரபலம். அதன் ஹீரோ வாங் அன்ஷி. 1021-ல் பிறந்து 1086-ல் இறந்த சோங் வம்சத்துத் தலைமை மந்திரி. வரி, விவசாயக் கடன், ராணுவம் என்று நாட்டின் நிர்வாகத்தையே புரட்டிப்போட்ட சீர்திருத்தவாதி.

கதைப்படி, வயதான மந்திரிக்கு ஓர் இளம் மனைவி. அவளுக்கும் வீட்டு வேலைக்காரனுக்கும் காதல். மந்திரிக்குத் தெரிந்துவிடுகிறது. கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரு பண்டிகை ராத்திரியில் ஜாடையாகக் கவிதை பாடி, ‘எனக்குத் தெரியும்’ என்று காட்டுகிறார். புரிந்துகொண்ட அந்தப் பெண்ணும் கவிதையாலேயே மன்னிப்பு கேட்கிறாள். அதில் வரும் கடைசி வரிதான் ‘மந்திரி வயிற்றில் படகு ஓட்டலாம்’. நெகிழ்ந்துபோன மந்திரி, கையில் வெள்ளியைக் கொடுத்து இருவரையும் சேர்த்து வைக்கிறார்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், சரித்திரம் இல்லை. சரித்திரத்தில் இருக்கும் வாங் அன்ஷியைத் தேடிப் போனால், இதைவிட நல்ல சம்பவங்கள் கிடைக்கின்றன. ஆச்சர்யம் என்னவென்றால், அதிலும் படகு வருகிறது!

முதல் சம்பவம், அவர் தலைமை மந்திரி ஆவதற்கு முன்பு, அரசாணைகள் எழுதும் பதவியில் இருந்தபோது நடந்தது. அவருடைய மனைவி, அந்தக் கால வழக்கப்படி, கணவருக்காக ஒரு பெண்ணை விலைக்கு வாங்கி வீட்டில் வைக்கிறார். வாங் அவளைப் பார்த்து, ‘நீ யார்?’ என்று விசாரிக்கிறார். அவள் புருஷன் ராணுவத்தில் வேலை பார்ப்பவன். அரசாங்கத்து அரிசியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனபோது, படகு போய்விட்டது. நஷ்டத்தை அவன் தலையில் கட்டினார்கள். சொத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகும் கடன் அடையவில்லை. மீதிக்கு மனைவியையே விற்றுவிட்டான்.

‘உன்னை எவ்வளவுக்கு வாங்கினார்கள்?’ என்று கேட்டார் வாங். ஒன்பது லட்சம் காசு என்றாள். அவர் அவளுடைய புருஷனை வரவழைத்து, இருவரையும் பழையபடி சேர்த்து வைத்தார். கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை.

இதை எழுதி வைத்தவர் ஷாவ் போவென். அவர் வாங் அன்ஷியின் ரசிகர் இல்லை. வாங்கின் சீர்திருத்தங்களை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர். அவருடைய புத்தகத்தில் வாங்கைப் பற்றி கசப்பாகவே நிறைய எழுதியிருக்கிறார். பிடிக்காத ஒருவரே எழுதி வைத்திருக்கிறார் என்பதால், இந்தச் சம்பவத்துக்கு எடை அதிகம்.

இரண்டாவது சம்பவம், 1084-ல். சூ ஷி என்ற கவிஞரை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம். சீன ரெஸ்டாரன்ட் மெனுவில் வரும் ‘டோங்போ போர்க்’, அவருடைய புனைபெயரில் அழைக்கப்படும் ஐட்டம்தான். சூ ஷி, வாங்கின் சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தவர். கவிதைகளில் அரசைக் கிண்டல் செய்தார் என்று 1079-ல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். உயிர் தப்பியதே பெரிய விஷயம். பிறகு ஒரு சிறிய ஊருக்கு நாடு கடத்தாத குறையாக அனுப்பிவிட்டார்கள். அப்போது வாங் பதவியில் இல்லை. ஆனால், சண்டையின் வேர் அவருடைய சட்டங்கள்தான்.

தண்டனைக் காலம் முடிந்து வேறு ஊருக்குப் போகும் வழியில், இன்றைய நாஞ்சிங் நகரத்தில் சூ ஷியின் படகு நின்றது. வாங் அங்கேதான் ஓய்வில் இருந்தார். மகனைப் பறிகொடுத்து, பதவியை விட்டு ஒதுங்கி, உடல் தளர்ந்திருந்த நேரம். ஒரு காலத்தில் நாட்டையே ஆட்டிவைத்த மனிதர், சாதாரண வீட்டு உடையில், ஒரு கழுதை மேல் ஏறி, சூ ஷியைப் பார்க்க படகுத்துறைக்கே போனார். தலைப்பாகைகூட அணியாமல் ஓடி வந்த சூ ஷி, ‘பெரிய மந்திரியை இந்தக் கோலத்தில் பார்க்கிறேனே’ என்று சங்கடப்பட, ‘சம்பிரதாயமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கா?’ என்கிற மாதிரி வாங் சிரித்தார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அந்த ஊரில் இருந்த நாள்களில் இருவரும் கவிதை பேசிக் கழித்தார்கள். இரண்டு வருஷத்தில் வாங் இறந்துபோனார்.

இதே வாங் அன்ஷிக்கு ‘பிடிவாதக்கார மந்திரி’ என்றும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பதவியில் இருந்தபோது மாற்றுக்கருத்துக்கு அவர் பெரிதாக இடம் கொடுத்ததில்லை. ஒரே ஆளிடம் கோழிக்குடலும் இருக்கலாம், படகு ஓடும் வயிறும் இருக்கலாம். எந்த நேரத்தில் எது வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு.

‘பேரைச் சொல்லாதீங்க!’

சோங் வம்சத்திலேயே இன்னொரு மந்திரி, லியூ மெங்ஜெங். வாங்குக்கு முந்தைய தலைமுறை. துணை மந்திரியாகப் பதவியேற்றுச் சபைக்குள் நடந்து வருகிறார். திரைக்குப் பின்னால் இருந்து யாரோ ஒரு குரல், ‘இந்தப் பொடியனெல்லாம் மந்திரியா?’ என்று கேட்கிறது. லியூ காதில் விழாதது மாதிரி நடந்துவிட்டார். கூட வந்த சகாக்களுக்குத்தான் ரத்தம் கொதித்தது. ‘யாருன்னு விசாரிச்சுப் பேரைக் கண்டுபிடிக்கலாம்’ என்று குதித்தார்கள். லியூ அவசரமாகத் தடுத்தார்.

அவர் சொன்ன காரணம்தான் அழகு. பெயர் தெரிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அதை மறக்க முடியாது. தெரியாமலே இருந்துவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்?

இந்த மனிதர் தன்னை மகான் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ‘எனக்கு யார் மேலயும் கோபமே வராது’ என்று பீலா விடவில்லை. தெரிந்தால் தானும் மறக்க மாட்டேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார். அதனால், விஷயம் உள்ளே வரும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்.

இதை இன்றைய பாஷையில் சொன்னால், ‘மச்சி, அவ உன்னைப் பத்தி என்ன சொன்னா தெரியுமா? ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவா?’ என்று ஃப்ரெண்ட் கேட்கிறான். ‘வேணாம்டா’ என்று சொல்ல முடிகிறதா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட்டை மறுத்தவர் லியூ மெங்ஜெங். நான் ட்ரை பண்ணிப் பார்த்தேன். பத்துக்கு ஒருமுறைதான் முடிகிறது. ஆனால், அந்த ஒருமுறை ராத்திரி நல்லா தூக்கம் வருகிறது.

அன்றைக்குச் சிரிப்பது ஈஸி... அதற்குப் பிறகு?

இன்னும் பின்னால் போவோம். மூன்று ராஜ்ஜியங்கள் காலம். படம், வீடியோ கேம் வழியாகப் பலருக்கும் பழக்கமான ஏரியா. ஷூ ராஜ்ஜியத்தின் மாபெரும் மந்திரி ஜூகே லியாங், 234-ல் இறந்துபோகிறார். அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜியாங் வான். படகுப் பழமொழி இவரைப் பற்றித்தான் பிறந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

விவசாயத் துறையில் இருந்த யாங் மின் என்ற அதிகாரி, ‘புது மந்திரி குழப்பமாக வேலை செய்கிறார், பழையவருக்கு ஈடாக மாட்டார்’ என்று பேசிவிட்டார். விஷயம் மேலே போனது. ‘விசாரித்துத் தண்டிக்கலாம்’ என்றார்கள். ஜியாங் வான், ‘நான் பழையவருக்கு ஈடு இல்லை என்பது உண்மைதானே. இதில் விசாரிக்க என்ன இருக்கு?’ என்றார். ‘குழப்பம் என்று சொன்னதற்காவது விளக்கம் கேட்கலாமே’ என்று விடாமல் நச்சரித்தார்கள். ‘ஈடு இல்லை என்றால் வேலை சரியாக நடக்காது. வேலை சரியாக நடக்காவிட்டால் குழப்பம்தான். வேறென்ன விளக்கம் வேண்டும்?’ என்று முடித்துவிட்டார்.

நிறைய பேர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால், உண்மையான பரீட்சை இதற்குப் பிறகுதான் வந்தது. வேறொரு விவகாரத்தில் யாங் மின் சிறைக்குப் போனார். ‘முடிஞ்சான்யா... பழைய கணக்கைத் தீர்த்துடுவார்’ என்று எல்லோரும் நினைத்தார்கள். தீர்த்துக்கட்ட ஒரு கையெழுத்து போதும். யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. ஜியாங் வான் மனசில் எந்தச் சாய்வும் வைத்துக்கொள்ளவில்லை. யாங் மின் பெரிய தண்டனையில் இருந்து தப்பினார்.

சபையில் எல்லோரும் பார்க்கும்போது பெருந்தன்மையாகச் சிரிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, கைதட்டு கிடைக்கும். யாரும் பார்க்காதபோது, பழிவாங்க லட்டு மாதிரி சான்ஸ் கையில் விழும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் வயிற்றின் நிஜ அளவு தெரியும். என் எடிட்டர் குரூப்பில் ரிப்ளை செய்ததைவிட, ஆறு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டதுதான் பெரிய விஷயம் என்று இந்தக் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எச்சிலைத் துடைக்காதவர்

இப்போது கொஞ்சம் சிக்கலான ஆள். லோவ் ஷீதே. தாங் வம்சத்தில், சீனாவின் ஒரே பெண் பேரரசரான வூ ஸெதியனிடம் மந்திரியாக இருந்தவர். நிஜமாகவே பெரிய வயிறுக்காரர். குண்டாக இருந்ததால் மெதுவாகத்தான் நடப்பார் என்று குறிப்பு இருக்கிறது. கூட நடந்த சக மந்திரி ஒருவர் பொறுமை இழந்து, ‘பட்டிக்காட்டான்’ என்று திட்ட, ‘நான் பட்டிக்காட்டான் இல்லைன்னா வேற யாரு பட்டிக்காட்டான்?’ என்று சிரித்தாராம்.

இவருடைய தம்பிக்கு ஒரு பெரிய பதவி கிடைத்தது. ‘நம்ம ரெண்டு பேருக்கும் இவ்வளவு பதவி. ஊர் பொறாமைப்படும். எப்படிச் சமாளிப்பே?’ என்று கேட்டார் அண்ணன். ‘யாராவது மூஞ்சியில துப்பினாக்கூட பேசாம துடைச்சுட்டுப் போயிடுவேன் அண்ணா’ என்றார் தம்பி. லோவ் முகம் வாடிவிட்டது. ‘அதான் எனக்குக் கவலை. துடைச்சா, துப்பினவனுக்கு இன்னும் கோபம் வரும். துடைக்காதே. தானா காயட்டும். சிரிச்சுட்டு வாங்கிக்கோ’ என்றார். ‘முகத்தில் துப்பிய எச்சில் தானாகக் காயட்டும்’ என்பது இன்றைக்கும் சீனத்தில் நாலெழுத்து மரபுத்தொடர்.

இதைப் பெருந்தன்மையின் உச்சம் என்று சிலர் கொண்டாடுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது எப்படிப்பட்ட காலம் என்று பாருங்கள். 686-ல் வூ ஸெதியன், யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதிப் போட ஒரு வெண்கலப் பெட்டி வைத்தார். போட்டுக்கொடுப்பவர்களுக்குப் பரிசு, மாட்டியவர்களுக்குத் தலை போகும். எச்சிலைத் துடைத்தால்கூட எதிரி உருவாகலாம் என்று நடுங்க வேண்டிய அரண்மனை அது. அங்கே அண்ணன் தம்பிக்குச் சொன்னது பெரிய மனசுக்கான பாடம் இல்லை. உயிரோடு இருப்பதற்கான வழி.

ஆனால், அதே லோவிடம் நிஜமான பெரிய வயிறும் இருந்தது. சினிமாக்களில் ‘டிடெக்டிவ் டீ’யாக வரும் தி ரென்ஜியே, நிஜத்தில் இவருடைய சக மந்திரி. தி ரென்ஜியேவுக்கு லோவை மட்டமாகத்தான் தெரியும். அவரைத் தலைநகரில் இருக்க விடாமல் எல்லைப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். ஒருநாள் பேரரசி, ‘லோவ் திறமைசாலிகளை அடையாளம் கண்டுபிடிப்பாரா?’ என்று கேட்டார். ‘கூட வேலை பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் கேள்விப்பட்டதில்லை’ என்றார் தி. ‘உங்களை எனக்குச் சிபாரிசு செய்ததே அவர்தான்’ என்றார் பேரரசி.

வெளியே வந்த தி ரென்ஜியே வெட்கத்தில் கூனிப்போனார். இத்தனை நாளாக அவர் தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தது தனக்கே தெரியவில்லையே என்று புலம்பினார். லோவ் ஒருமுறைகூட ‘உன்னைக் கொண்டுவந்ததே நான்தான்’ என்று சொல்லிக்காட்டவில்லை. எச்சில் கதையில் லோவுக்கு வேறு வழி இல்லை. சிபாரிசுக் கதையில், வாயைத் திறந்திருந்தால் தி ரென்ஜியேவின் மூக்கை உடைத்திருக்கலாம். அவர் திறக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்?

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பழமொழியில் ‘மந்திரி வயிறு’ என்றுதான் இருக்கிறது. ‘வேலைக்காரன் வயிறு’ என்று இல்லை. தண்டிக்கும் அதிகாரம் கையில் இருக்கிறவர், தண்டிக்காமல் விடுகிறார். அதற்குப் பெயர்தான் பெருந்தன்மை.

சீனாவில் இன்றைக்கும் இதைப் பெரும்பாலும் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். தப்பு செய்தவர், கோபமாக இருக்கிற பெரியவரைப் பார்த்து, ‘உங்க வயித்துல படகே ஓட்டலாமே, இதை விட்டுடுங்க சார்’ என்று ஐஸ் வைக்கச் சொல்வது. லேட்டாக வந்த ஃப்ரெண்ட், முறைத்துக்கொண்டு நிற்கிற ஃப்ரெண்டிடம் காமெடியாகச் சொல்வது. நான் பார்த்த சீரியலிலும் அப்படித்தான், கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்துச் சொன்னார். கேட்கிறவர் பெரிய ஆள் என்பதுதான் பழமொழிக்குள் இருக்கும் கண்டிஷன்.

தலைகீழாகத் திருப்பினால் இதே வார்த்தை ஆயுதமாகிவிடும். எனக்கு அதுவும் நடந்திருக்கிறது. வேறொரு இடத்தில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய ஒரு கட்டுரை, காலையில் இன்னொருவர் பெயரில் வந்தது. போய்க் கேட்டேன். ‘சின்ன விஷயம்பா. கொஞ்சம் பெரிய மனசு பண்ணு. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா வளர முடியாது’ என்று தோளில் தட்டி அனுப்பினார்கள். ஒரு வாரம் எனக்கே என் மேல் சந்தேகம். நான்தான் கோழிக்குடலா?

இப்போது பதில் தெரியும். இல்லை. பெயரைத் திருப்பிப் போட அதிகாரம் இருந்தது அவர்களுக்கு. இழந்தது நான். இழந்தவரிடமே போய் ‘பெரிய மனசு பண்ணு’ என்றால், எச்சிலைத் துடைக்காதே என்றுதான் அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் பெண்ணிடம், சம்பள பாக்கியைக் கேட்கும் பையனிடம், கிண்டலை நிறுத்தச் சொல்லும் ஸ்டூடன்டிடம் ‘லூஸ்ல விடு’ என்று சொல்கிறவர்கள் எல்லாம், படகை ஏற்றுவது தங்கள் வயிற்றில் இல்லை. அடுத்தவர் வயிற்றில்.

அப்படியென்றால் மந்திரியாக இல்லாத நமக்கு இந்தப் பழமொழியில் வேலையே இல்லையா? இருக்கிறது. எல்லாரும் ஏதாவது ஓர் இடத்தில் மந்திரிதான். டெலிவரி லேட்டாக வந்ததும் ஒரு ஸ்டார் கொடுக்க விரலை நீட்டும்போது நாம் மந்திரி. புதுசாகச் சேர்ந்த ஜூனியர் மீட்டிங்கில் உளறும்போது நாம் மந்திரி. தம்பி, தங்கை போனை உடைத்துவிட்டு முழிக்கும்போது நாம் மந்திரி. பழைய ஃப்ரெண்ட் ரெண்டு வருஷம் கழித்து ‘ஸாரி’ என்று அனுப்பிவிட்டு, நாம் ரிப்ளை செய்வோமா என்று காத்திருக்கும்போது நாம் பெரிய மந்திரி. அந்த நிமிடத்தில் நம் வயிற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு மீட்டர் சந்து

கடைசியாக ஓர் இடம். அன்ஹுயி மாகாணத்தில் தோங்செங் என்று ஓர் ஊர். சிங் வம்சத்தில், காங்ஷி பேரரசரிடம் பெரிய மந்திரியாக இருந்த ஜாங் யிங்கின் சொந்த ஊர். தலைமை மந்திரி பதவியை மிங் வம்சத்து முதல் பேரரசர் 1380-லேயே ஒழித்துவிட்டார் என்பதால் பதவிப் பெயர் வேறு. ஆனால், ஜனங்களுக்கு அவர் மந்திரிதான்.

ஊரில் அவருடைய குடும்பத்துக்கும் பக்கத்து வீட்டு வூ குடும்பத்துக்கும் சுவர் தகராறு. ‘நம்ம ஆளு தலைநகர்ல மந்திரி’ என்ற தைரியத்தில் குடும்பத்தினர் அவருக்கு லெட்டர் போட்டார்கள். அவர் ஒரு வரி எழுதினால் போதும், பக்கத்து வீடு காலி. அவர் நாலு வரிக் கவிதை எழுதி அனுப்பினார். சாரம் இதுதான்: ஒரு சுவருக்காக இவ்வளவு தூரம் கடிதமா? மூன்று அடி விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பெருஞ்சுவர் இன்னும் நிற்கிறது, அதைக் கட்டிய பேரரசர் எங்கே?

குடும்பத்தினர் மூன்று அடி உள்ளே தள்ளிச் சுவர் கட்டினார்கள். அதைப் பார்த்த வூ குடும்பமும் தங்கள் பக்கம் மூன்று அடி தள்ளிக்கொண்டது. நடுவில் ஆறு சீன அடிக்கு ஒரு சந்து உருவானது. நம் கணக்கில் சுமார் இரண்டு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளம். ‘ஆறடிச் சந்து’ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஜனங்கள் போய் நடந்து பார்த்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்தக் கதையிலும் முதல் மூன்று அடியை விட்டது யார் என்று பாருங்கள். மந்திரி வீடு. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ‘நீ முதல்ல விடு’ என்று மந்திரி சொல்லியிருந்தால், அங்கே இன்று சந்து இருந்திருக்காது.

அந்த எடிட்டருக்குப் போன வாரம் மெசேஜ் போட்டேன். இந்த முறை பெயரை மூன்று தடவை சரிபார்த்த பிறகு. ‘சார், அன்னிக்கு அந்த குரூப் மெசேஜ்... ஸாரி சொல்லவே இல்லை. ஸாரி.’

பத்து நிமிடம் கழித்து ப்ளூ டிக். ரிப்ளை இப்படி இருந்தது: ‘எந்த மெசேஜ்? சரி, இப்ப என்ன எழுதிட்டு இருக்கே? மேட்டர் முதல் பாராவுல இருக்கா?’